அற்புதமாம், அற்புதம்!

"அற்புதம்" என்ற சொல் செவியில் விழுந்ததும் நம் புருவம் சற்றே உயர்கிறது. கல் கசிந்தது, சிலை வியர்த்தது என்று ஊர் கூடிக் கும்பிடும்போது, கசிந்த நீர் எந்த வழியே வந்தது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தச் சொல், கோயில் வாசலைவிட்டுப் பொருளாதார ஏடுகளின் பக்கங்களுக்கும் குடிபுகுந்துவிட்டது. ஆசியாவின் கிழக்குக் கோடியில் உள்ள தென்கொரியாவின் தலைநகர் சியோல். அந்நகரின் நடுவே ஓடுவது ஹான் ஆறு. அந்த நாடு அடைந்த வளர்ச்சிக்கு அறிஞர்கள் சூட்டியிருக்கும் பெயர், "ஹான் ஆற்று அற்புதம்"!

வளர்ச்சி உண்மை. அதை மறுப்பார் இல்லை. 1953இல் போர் ஓய்ந்தபோது அந்நாடு ஒரு சாம்பல் மேடு. 1960களின் தொடக்கத்தில், தலைக்கு ஆண்டு வருமானம் நூறு டாலர் அளவில்தான் இருந்தது. 1964இல் பத்துக் கோடி டாலர் ஏற்றுமதியை எட்டியபோது, அதை ஒரு திருநாளாகவே கொண்டாடினர். 1977இல் அதே ஏற்றுமதி ஆயிரம் கோடி டாலர். 1996இல் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பில் இடம். இன்று தலைக்கு வருமானம் முப்பதாயிரம் டாலருக்கும் மேல். ஒருவர் தம் வாழ்நாளுக்குள்ளேயே ஓலைக் குடிசையையும் கண்டு, ஒளி உமிழும் கோபுரத்தையும் கண்டுவிட்ட நாடு அது.

ஆனால், இதை அற்புதம் என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி பிறக்கிறது. காரணம் தேட வேண்டியதில்லை. கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. யாருடைய தோளில் ஏறி இந்த உயரம் எட்டப்பட்டது என்று கேட்க வேண்டியதும் இல்லை. கேள்விக்கு இடமில்லாத அந்த வெற்றிடத்தில் இரண்டு கதைகள் வந்து அமர்ந்துகொள்கின்றன. ஒன்று, சாட்டையின் கதை: "சர்வாதிகாரி ஒருவன் வந்தான், சாட்டையைச் சுழற்றினான், நாடு செழித்தது." மற்றொன்று, புகைபோக்கியின் கதை: "முதலில் ஆலை வரட்டும், வயிறு நிறையட்டும், பிறவி வேற்றுமையும் பெண்ணடிமையும் மூடப்பழக்கமும் புகையோடு புகையாகத் தாமே கலைந்துபோகும். அதுவரை சீர்திருத்தக்காரர்களே, சற்று வாயை மூடிக்கொண்டிருங்கள்!"

இந்த இரண்டாவது கதை நமக்குப் புதிதன்று. எந்த நாட்டில் யார் சமுதாய இழிவைப் பற்றிப் பேசினாலும், எதிரே ஒரு மேதை எழுந்து சொல்லும் கதைதான். ஆகவே, கொரிய வரலாற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றி உசாவுவோம்.

தட்டுகளில் பிறந்த மனிதர்

1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்டது சோசன் அரச மரபு. அந்த ஐந்து நூற்றாண்டிலும் மனிதன் அங்கே ஏதேனும் ஒரு தட்டில்தான் பிறந்தான். மேல்தட்டில் யாங்பான் என்னும் பெருங்குடியினர். கன்பூசிய நூல்களை ஓதுவதும், சீன எழுத்தில் தேர்வெழுதிப் பதவி பெறுவதும் அவர்கள் தொழில். ஏர் தொடுவது இழிவு. வாணிகம் அதனினும் இழிவு. அடுத்து மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் முதலிய இடைத்தட்டு. அதற்கும் கீழே, உழுது வரி செலுத்திய பொதுமக்கள். அடித்தட்டில் நோபி எனப்பட்ட அடிமைகள். அவர்களை விற்கலாம், வாங்கலாம், மகனுக்குச் சொத்தாக எழுதி வைக்கலாம். பெற்றவள் அடிமையாயின், பிறந்த குழந்தையும் பெரும்பாலும் அடிமையே. பதினைந்து முதல் பதினேழாம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இத்தகைய அடிமைகள் என்பது வரலாற்று ஆய்வாளர் பலரின் கணிப்பு.

இவர்களோடு பேக்ஜாங் என்றொரு பிரிவினர். மாடு அறுப்பது, தோல் பதனிடுவது, கூடை முடைவது அவர்களுக்கு விதிக்கப்பட்ட தொழில்கள். மற்றவர் அணியும் தொப்பியை அவர்கள் அணியலாகாது. வீட்டுக்கு ஓடு வேயலாகாது. இறந்தவரைப் பாடையில் தூக்கிச் செல்லலாகாது. வயது முதிர்ந்த பேக்ஜாங், வேற்றுக்குடிச் சிறுவனுக்கும் பணிந்தே பேச வேண்டும். அவர்கள் அறுத்த இறைச்சி யாங்பான் வீட்டு விருந்துக்கு வேண்டும். அறுத்த கை மட்டும் தீட்டு!

1801இல் அரசுக்குச் சொந்தமான அடிமைகளின் பதிவேடுகள் எரிக்கப்பட்டன. தனியாரின் அடிமைகள் அப்படியே இருந்தனர். 1894இல் டோங்ஹாக் இயக்கத்தின் கொடியின்கீழ் உழவர்கள் எழுந்தனர். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் வானம் உறைகிறது என்று அவ்வியக்கம் கற்பித்திருந்தது. ஒவ்வொருவனும் வானம் என்றால், ஒருவன் மட்டும் மண்ணாகக் கிடப்பதேன் என்று உழவன் கேட்காதிருப்பானா? மூங்கில் ஈட்டியோடு கிளம்பிய அந்த உழவர் படையை, ஜப்பானியத் துப்பாக்கிகள் துணைகொண்டு அரசு நசுக்கிற்று. தலைவர் ஜொன் போங் ஜுன் 1895இல் கொல்லப்பட்டார். ஆயினும் அந்த அதிர்ச்சியால் அதே 1894இல் சீர்திருத்தச் சட்டங்கள் பிறந்தன. பிறவித் தட்டுகள் ஒழிந்தன, அடிமைமுறை ஒழிந்தது, சிறுவயது மணம் கூடாது, கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று அரசாணைகள் வெளிவந்தன.

சட்டம் ஏட்டில் ஏறிற்று, தெருவில் இறங்கவில்லை. 1910இல் நாட்டை விழுங்கிய ஜப்பானிய ஆட்சியில், குடிப்பதிவேட்டில் பேக்ஜாங் பெயருக்கு அருகே சிவப்புப் புள்ளி இடப்பட்டது. பள்ளிக்குச் சென்ற அவர்கள் பிள்ளைகளை உள்ளே சேர்க்க மறுத்தனர். 1923இல் ஜிஞ்சு நகரில் அவர்கள் ஒரு கழகம் கண்டனர். அதன் பெயர் ஹியோங்பியோங்சா. தராசைச் சமன் செய்வோர் கழகம் என்பது பொருள். கையில் நாள்தோறும் தராசு பிடித்தவர்கள், சமுதாயத்தின் தராசு சாய்ந்திருப்பதைக் கண்டு பேசினர். எதிர்த்தவர் யார்? யாங்பான்கள் மட்டுமல்லர். வாரத்துக்கு உழுது வயிறு காய்ந்த குடியானவர்களும், "இவன் நமக்குச் சமமா?" என்று கூடி, மாட்டிறைச்சி வாங்க மறுத்தனர், தாக்கினர். தமக்கு மேலே நிற்பவனின் காலைத் தாங்கிக்கொண்டே, கீழே நிற்பவனின் தலையை மிதிக்கும் அந்த மனப்பான்மைக்கு, நாடும் மொழியும் வெவ்வேறாயினும் முகம் ஒன்றுதான்.

மக்கள் எழுத்து

இந்தத் தட்டுகளைக் காத்து நின்ற பூட்டு எது? வாள் மட்டுமன்று; எழுத்தும் கூட. ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைப் பல ஆண்டுகள் கற்றவனே படித்தவன். உழுபவனுக்கு அத்தனை ஆண்டு ஏது?

1443இல் மன்னர் சேஜோங், கொரிய மக்களின் நாவுக்கேற்ற 28 எழுத்துகளை வகுத்து, 1446இல் நாட்டுக்கு அளித்தார். நம் பேச்சு வேறு, சீன எழுத்து வேறு. எளிய மக்கள் தம் மனத்திலுள்ளதை எழுதவியலாமல் தவிக்கின்றனர் என்பது அவர் சொன்ன காரணம். சில நாள்களில் கற்றுவிடக்கூடிய எழுத்து. ஆனால் அரண்மனைப் புலவர் சோ மல்லியும் அவர் குழுவினரும் 1444இலேயே எதிர்ப்பு மனு கொடுத்துவிட்டனர். தமக்கெனத் தனி எழுத்து வைத்திருப்போர் மங்கோலியர், ஜப்பானியர் போன்ற நாகரிகமற்றோர். சீனத்தை விட்டு விலகுவது காட்டுமிராண்டித்தனம் என்பது அவர்கள் வாதம். தாய்மொழியில் எழுதுவது தாழ்வு என்பவர் எல்லா அரசவைகளிலும் இருந்திருக்கின்றனர் போலும்! அந்த எழுத்துக்கு "கொச்சை எழுத்து" என்று பெயரிட்டு ஒதுக்கினர். 1504இல் யோன்சான் என்ற மன்னன், தன்னை இடித்துரைத்துச் சுவரொட்டி எழுதிவிட்டனர் என்று அதைக் கற்பிக்கவே தடை போட்டான். பெண்களும் எளியோரும் அதை அழியாமல் காத்தனர். 1896இல் முழுக்க முழுக்க அந்த எழுத்திலேயே ஒரு செய்தித்தாள் வெளிவந்தபோதுதான், இழித்துரைக்கப்பட்ட எழுத்து வீதிக்கு வந்தது.

ஜப்பானிய ஆட்சி அதன்மீதும் பாய்ந்தது. 1938இல் பள்ளிகளில் கொரிய மொழிப் பாடம் ஓரங்கட்டப்பட்டது. 1940இல் மக்கள் தம் பெயர்களையே ஜப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். 1929 முதல் ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தார் 1942இல் சிறைப்பட்டனர். அகராதி தொகுப்பது அரசுக்கு எதிரான சதியாம்! யீ யுன் ஜே, ஹான் ஜிங் என்ற இரு அறிஞர்கள் சிறையிலேயே உயிர் நீத்தனர். கைப்பற்றப்பட்ட கையெழுத்துத் தாள்கள் காணாமற்போயின. 1945 ஆகஸ்டில் விடுதலை. செப்டம்பரில், சியோல் தொடர்வண்டி நிலையத்தின் சரக்குக் கிடங்கில், மூட்டைகளுக்கிடையே அந்தத் தாள்கள் கிடைத்தன. 1947இல் முதல் தொகுதி வெளிவந்தது. 1957இல் ஆறாம் தொகுதியோடு பணி நிறைவுற்றது.

விடுதலையின்போது தெற்கே முக்கால் பங்கினருக்கும் மேல் எழுத்தறியாதோர். 1948இல் அரசு ஆவணங்கள் மக்கள் எழுத்திலேயே அமைய வேண்டும் என்று சட்டம் வந்தது. 1950இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. போர் மூண்டு பள்ளிக் கட்டடங்கள் தரைமட்டமானபோதும் கூடாரங்களிலும் மரத்தடியிலும் பாடம் நடந்தது. 1960 அளவில், பள்ளி செல்லும் அகவையுடைய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தொடக்கப் பள்ளியில் இருந்தனர். கவனியுங்கள்: பெரிய ஆலைகள் எழுவதற்கு முன்பே இது நடந்துவிட்டது.

உழுதவன் கைக்கு நிலம்

1945இல் தென்கொரிய உழவர் குடும்பங்களில், தான் உழும் நிலம் முழுதும் தனதே என்று சொல்லக்கூடியவை நூற்றுக்குப் பதினான்கு. ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. விளைந்ததில் பாதியை நிலக்கிழாருக்கு வாரமாக அளந்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு வசந்தம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர்கள் வாழ்க்கை.

வடக்கே 1946 மார்ச்சில், பொதுவுடைமையினர் நிலத்தைப் பறித்துப் பகிர்ந்துவிட்டனர். அந்தச் செய்தி தெற்கே காற்றில் வந்தது. கொடாவிட்டால் உழவன் எடுத்துக்கொள்வான் என்ற அச்சம் ஆள்வோரைப் பிடித்தது. ஜப்பானியரிடமிருந்த நிலம் 1948இல் உழவர்க்கு விற்கப்பட்டது. அதே ஆண்டின் அரசியல் சட்டம், விளைநிலம் உழவர்க்கே பகிரப்படும் என்று எழுதிக்கொண்டது. 1949இல் சட்டம், 1950இல் திருத்தமும் செயலும். ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு மூன்று ஜொங்போ, அதாவது ஏறத்தாழ ஏழரை ஏக்கர். உழவன் செலுத்த வேண்டியது, ஓராண்டு விளைச்சலைப்போல் ஒன்றரை மடங்கு. அதுவும் ஐந்தாண்டுத் தவணையில். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு விளைச்சலில் நூற்றுக்கு முப்பது! முன்பு ஐம்பது அளந்தும் அயலான் நிலம். இப்போது முப்பது அளந்தால் ஐந்தாண்டில் தன் நிலம். போர்க்கால வரி உழவனை வாட்டியது உண்மை. ஆனாலும் வாரக் குடிமுறையின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. நிலக்கிழார்களுக்கு இழப்பீடாகத் தரப்பட்ட கடன் பத்திரங்கள், போர்க்கால விலையேற்றத்தில் கரைந்து காகிதமாயின.

நிலம் போனதும் யாங்பான் என்ற பட்டம் என்னவாயிற்று? சோறு போடாத பட்டத்துக்குச் சுமைதூக்க ஆள் கிடைப்பதில்லை. 1950 முதல் 1953 வரை நடந்த போர், இலட்சக்கணக்கானோரை ஊர்விட்டு ஊர் விரட்டி, ஒரே அகதி முகாமில் ஒரே கஞ்சிக்கு வரிசையில் நிறுத்திற்று. எவன் பாட்டன் எத்தட்டு என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ எல்லாருமே தம் முன்னோர் யாங்பான் என்கின்றனர்! அத்தனை பேரும் மேற்குடி என்றால், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் எங்கே போயினர்? காசுக்கு வாங்கிய குலவரலாற்று ஏடுகளுக்குள் மறைந்துகொண்டனர். பொய்தான். ஆனால் பிறவிப் பெருமையின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்த நிலச் சட்டத்துக்கு அடித்தளமிட்ட முதல் வேளாண் அமைச்சரின் பெயர் சோ போங் ஆம். பின்னாளில் 1956 குடியரசுத் தலைவர் தேர்தலில், சிங்மன் ரீயை எதிர்த்து நின்று இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். அந்தக் குற்றத்துக்கு வேறு பெயர் சூட்டி, அரசுக்கு எதிரானவர் என்று வழக்குத் தொடுத்து, 1959 ஜூலையில் தூக்கிலிட்டனர். 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. உயிர் போய் ஐம்பத்தோராண்டு கழித்து வந்த நீதி! நிலம் பெற்ற உழவனின் பிள்ளைகள் அதற்குள் பேரன் பேத்தி கண்டுவிட்டனர்.

சாட்டை செய்ததா?

1960 ஏப்ரலில் மாணவர்கள் தெருவில் இறங்கி ரீயின் ஆட்சியைச் சாய்த்தனர். மறு ஆண்டு மே 16இல் படைத்தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார். 1962இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம். சாட்டைக் கதையினர் வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்குவர். முன்பு நடந்தவற்றைச் சொல்லமாட்டார்கள்.

பார்க் அரசு திட்டமிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. வங்கிகளைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஏற்றுமதி இலக்கை எட்டிய முதலாளிக்குக் குறைந்த வட்டிக் கடன், எட்டாதவனுக்குக் கதவடைப்பு. 1965இல் ஜப்பானோடு உடன்பாடு கண்டு முப்பது கோடி டாலர் கொடையும் இருபது கோடி டாலர் கடனும் பெற்றது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு போகாங் உருக்காலை எழுந்து, 1973இல் இரும்பு வார்த்தது. அமெரிக்க உதவி ஏராளம். வியட்நாம் போர்க்களத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள், மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆயிரமாயிரம் தொழிலாளர்களும் செவிலியர்களும் அனுப்பப்பட்டு ஈட்டிய பணமும் வந்து சேர்ந்தது.

ஆனால் சாட்டைதான் காரணம் என்றால், அதே சாட்டை சுழன்ற இடமெல்லாம் செழித்திருக்க வேண்டுமே! பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1960இல் தலைக்கு வருமானத்தில் கொரியாவை முந்தி நின்ற நாடு அது. அங்கும் 1965இல் மார்க்கோஸ் வந்தார். 1972இல் படைச் சட்டமே கொண்டுவந்தார். சாட்டைக்குக் குறைவில்லை. ஆனால் கரும்புத் தோட்டங்களும் பெருநிலங்களும் சில குடும்பங்களின் கையிலேயே தங்கின. 1986இல் மக்கள் அவரை விரட்டியபோது எஞ்சியது கடன் மலை. ஒரே சாட்டை, இரு விளைவு. வேறுபாடு, சாட்டை விழுந்த நிலத்தில் இருந்தது. கொரியாவில் உழவனுக்கு நிலமும், அவன் பிள்ளைக்கு எழுத்தும் முன்னரே வந்து சேர்ந்திருந்தன. நிலமுள்ள தந்தை மகனைப் பள்ளிக்கு அனுப்பினான். எழுத்தறிந்த மகன் ஆலையில் பொறியின் கையேட்டைப் படித்தான்.

மாடியறைச் சிறுமியர்

அப்படியானால் ஆலை வந்தபின் சமத்துவம் தானே வந்ததா? வரவில்லை. இங்கே புகைபோக்கிக் கதை சாட்சிக் கூண்டில் திணறுகிறது.

சியோலில் அமைதிச் சந்தை என்ற துணிக் கடைத் தொகுதி. பெயர்தான் அமைதி! அதன் மேல்தளங்களில், நிமிர்ந்து நிற்க முடியாதபடி குறுக்கே பலகையடித்து இரண்டாக்கிய அறைகளில், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியர் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் தைத்தனர். பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்தது. எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் 1953 முதலே இருந்தது, தாளில்!

அங்கே துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தவர் ஜொன் டே இல். தம் பேருந்துக் காசில் பசித்த சிறுமியருக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நெடுந்தொலைவு நடந்தே வீடு திரும்புவார். தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருப்பதை அறிந்து அந்நூலை வாங்கினார். பிரித்தால், பக்கமெல்லாம் சீன எழுத்து! படித்துச் சொல்ல ஒரு கல்லூரி நண்பன் இல்லையே என்று ஏங்கினார். மக்கள் எழுத்து பிறந்து ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னும், தொழிலாளியைக் காக்கும் சட்டம் தொழிலாளிக்குப் புரியாத எழுத்தில் இருந்தது. பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தாமே தடவித் தடவிப் படித்து, கணக்கெடுத்து, அலுவலகம் அலுவலகமாக மனுக் கொடுத்தார். எவரும் செவி சாய்க்கவில்லை. 1970 நவம்பர் 13இல், சட்டத்தை மதியுங்கள், நாங்கள் எந்திரங்கள் அல்லோம் என்று முழங்கியபடி, அந்நூலோடு தீயில் மாண்டார். அகவை இருபத்திரண்டு. அப்படி உயிர் நீப்பதை நாம் வழியாகக் கொள்ளோம். அத்தகைய இளைஞனுக்கு வாழ வழி விடாத வளர்ச்சி எத்தகைய வளர்ச்சி என்று கேட்போம். அவர் தாய் லீ சோ சுன் அழுது ஓய்ந்துவிடவில்லை. அதே மாதத்தில் தையல் தொழிலாளர் சங்கம் பிறக்கத் துணை நின்று, 2011இல் மறையும் வரை தொழிலாளர் தாயாகவே வாழ்ந்தார்.

பெண்கள் எழுந்தனர். 1972இல் இஞ்சியோன் நகரின் டோங்கில் நெசவாலைச் சங்கத்துக்கு ஒரு பெண் தலைவரானார். அந்நாட்டில் அதுவே முதல் முறை. 1978இல் அச்சங்கத் தேர்தலன்று, வாக்களிக்க வந்த பெண்கள்மீது மலத்தை வாரி இறைத்தனர். மறு ஆண்டு, ஒய்.எச். என்ற பொய்முடி நிறுவனத்தின் முறை. கொரியாவின் தொடக்ககால ஏற்றுமதிச் சரக்குகளில் பொய்முடி முதன்மையானது. ஏழைப் பெண்களின் கூந்தலும் ஏழைப் பெண்களின் விரலும் ஈட்டிய டாலர் அது. முதலாளி ஆலையை மூடவே, ஏறத்தாழ 180 பெண்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் அமர்ந்து நீதி கேட்டனர். 1979 ஆகஸ்ட் 11 விடியலுக்கு முன் காவற்படை உள்ளே பாய்ந்தது. கிம் கியோங் சுக் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். கண்டித்த எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாம் நாடாளுமன்றத்தினின்று வெளியேற்றப்பட்டார். அதனால் பூசானும் மாசானும் கொதித்தெழுந்தன. கொதிப்பை அடக்கும் முறை பற்றி ஆட்சிக்குள்ளேயே பிளவு. அக்டோபர் 26 இரவு, தம் உளவுத்துறைத் தலைவரின் குண்டுக்கே பார்க் இரையானார். பொய்முடி பின்னிய பெண்கள் இழுத்த இழையில் ஒரு சர்வாதிகாரம் அவிழ்ந்தது!

1980 மே மாதத்தில் குவாங்ஜு நகர மக்களைப் படை கொன்று குவித்தது. 1987 ஜூனில் நாடே தெருவுக்கு வந்து நேரடித் தேர்தலைப் பெற்றது. அடுத்த மூன்று மாதங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் வெடித்தன. தொழிலாளியின் கூலி உயர்ந்ததும் சங்கம் நிமிர்ந்ததும் இதன்பின்னரே.

வெள்ளைக் குதிரை ஆண்டு

ஆலைக்குள் இவ்வளவு, வீட்டுக்குள்? கணவன் இறந்தால் குடும்பத் தலைமை மனைவிக்கு இல்லை, மகனுக்கு. அவன் தொட்டிலில் கிடக்கும் குழந்தையாயினும் தாய்க்கு அவனே சட்டப்படி தலைவன்! ஒரே குலப்பெயரும் ஒரே பூர்விக ஊரும் உடையோர் மணந்துகொள்ளலாகாது என்றும் சட்டம் இருந்தது. கிம்ஹே ஊர்க் கிம் குலத்தார் மட்டுமே நாற்பது இலட்சத்துக்கும் மேல். முன்பின் அறியாத இருவர் காதலித்து மணந்தாலும் பதிவு இல்லை.

ஆலை வந்ததும் மூடநம்பிக்கை ஓடியதா? 1990ஆம் ஆண்டைக் கேளுங்கள். வானளாவிய கட்டடங்களும் மின்னணுத் தொழிலும் ஒலிம்பிக் போட்டி நடத்திய புகழும் உள்ள நாடு. அந்த ஆண்டு, பழைய பஞ்சாங்கப்படி வெள்ளைக் குதிரை ஆண்டு. அதில் பிறக்கும் பெண் அடங்காதவள், குடும்பத்துக்கு ஆகாதவள் என்பது நம்பிக்கை. விளைவு? அவ்வாண்டு 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. இயற்கை அளவு 105 அருகே. கருவைக் காட்டும் ஒலியலைக் கருவி அறிவியலின் கொடை. அதைப் பஞ்சாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டனர்! பகுத்தறிவு இல்லாத இடத்தில் கருவி புகுந்தால், மடமைக்குக் கூர்மைதான் கூடுகிறது.

இதை மாற்றியதும் புகை அன்று. அந்நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர் லீ டே யங், 1956இல் பெண்களுக்கெனச் சட்ட உதவி நிலையம் தொடங்கி, நாற்பதாண்டு விடாது போராடினார். நாட்டின் நல்லொழுக்கம் கெட்டுவிடும் என்று கன்பூசியக் குழுவினர் ஒவ்வொரு முறையும் கூச்சலிட்டனர். 1991இல் மகளுக்கும் மகனுக்கும் சம சொத்துரிமை நடைமுறைக்கு வந்தது. 1997இல் ஒரே குல மணத் தடை வீழ்ந்தது. 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆண் தலைமைச் சட்டத்தைத் தவறென்றது. 2008 சனவரி முதல் நாளில் அது மறைந்தது. லீ டே யங் 1998இலேயே மறைந்துவிட்டார்; நட்டவர் பார்க்காமல் பழுத்த மரம். ஆண் குழந்தை மோகமும் தணிந்து, பிறப்பு விகிதம் இயற்கை நிலைக்குத் திரும்பிவிட்டது.

நமக்கு என்ன?

கொரியா சொர்க்கம் என்று நாம் சொல்லவரவில்லை. 1997இல் பெருமுதலாளிக் குழுமங்களின் கடன் வெறி நாட்டைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளியபோது, ஏறத்தாழ 35 இலட்சம் எளிய மக்கள் தம் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தனர். வேலை இழந்தவரும் அவர்களே. முதியோரில் ஐவரில் இருவர் அளவுக்கு வறுமையில் உழல்கின்றனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான கூலி வேற்றுமை, பணக்கார நாடுகளுள் அங்கேதான் மிகுதி. வேலையிடமும் வீடும் பெண்மீது ஏற்றும் சுமைக்கு, இளம்பெண்கள் தம் வாழ்வாலேயே மறுப்புச் சொல்கின்றனர். 2023இல் ஒரு பெண்ணுக்குப் பிறப்பு 0.72 என்ற அளவுக்கு இறங்கியது. 2024 டிசம்பரில் ஒரு குடியரசுத் தலைவர் மீண்டும் படைச் சட்டத்தை அறிவித்துப் பார்த்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றமும் மக்களும் அதை முறியடித்தனர். 2025 ஏப்ரலில் பதவியும் பறிபோயிற்று. சாட்டையின் சுவையை அறிந்த முதுகு அது, மறக்கவில்லை.

இந்த வரலாறு நமக்குத் தொலைவில் இல்லை. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார்கள் உருவாகின்றன. 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரத்தின் கொரிய ஆலையொன்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை கடல் கடந்து வந்தபோது, அமைதிச் சந்தையின் கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

ஆகவே தோழர்களே, "முதலில் பொருள் வளரட்டும், பிறகு சமுதாயம் திருந்தட்டும்" என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், சினவாதீர்கள், கொரியாவைச் சொல்லுங்கள். உழுதவனுக்கு நிலமும் எளியவனுக்கு எழுத்தும் முன்னே வந்தன, ஆலை பின்னே வந்தது என்று சொல்லுங்கள். ஆலை வந்தபின்னும், கேட்டவர்க்கே உரிமை கிடைத்தது, கேளாத இடத்தில் பஞ்சாங்கமே ஆண்டது என்று சொல்லுங்கள். தராசு பிடித்த பேக்ஜாங், அகராதிக்காகச் சிறையில் மடிந்த புலவர், தூக்குமேடை ஏறிய அமைச்சர், தையல் அறைச் சிறுமி, பொய்முடி பின்னிய பெண், நாற்பதாண்டு வழக்காடிய வழக்கறிஞர் என்று பெயர் பெயராக எடுத்துக் காட்டுங்கள்.

இத்தனை மனிதர் உழைத்துச் செய்ததை, ஆறு செய்த அற்புதம் என்பதா?